டிரங்குப் பெட்டிக்கு மறுபிறவி: கேள்வி பதில்

பழைய இரும்புக் கடையில் வாங்கிய டிரங்குப் பெட்டியைச் சரிசெய்து பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள். தகர வேலை பார்த்த வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

பேத்தியின் பிறந்தநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. பொம்மைகள் போட்டுவைக்கப் பழைய பெட்டி வாங்கியிருக்கிறேன். என்ன நிறம் அடிக்கலாம்? (திருச்சியிலிருந்து ஒரு தாத்தா)

ஐயா, நிறம் இருக்கட்டும். மூடியைத் தூக்கிப் பாதியில் கையை விட்டுப் பாருங்கள். ‘தடார்’ என்று விழுகிறதா? பேத்தி பொம்மை எடுக்கக் குனியும்போது அவள் கழுத்து இருக்கும் இடம் அதுதான். என் அக்கா மகனுக்கு நான் முதன்முதலில் கொடுத்த பெட்டி பளபளவென்று இருந்தது. இரண்டாம் நாளே அவன் விரல் நசுங்கி நகம் போய்விட்டது. அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டாத தீபாவளி இல்லை.

பக்கவாட்டில் சங்கிலி மாட்டினால் போதும் என்பார்கள். மூடி பின்பக்கம் சாய்வதைத்தான் சங்கிலி தடுக்கும், முன்பக்கம் விழுவதை அல்ல. சமையலறை அலமாரிக் கதவுக்குப் போடுகிற கேஸ் லிஃப்ட் (கதவைத் தாங்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். மூடியின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். எந்த உயரத்தில் கையை எடுத்தாலும் மூடி அங்கேயே நிற்க வேண்டும். தகடு மெல்லியதாக இருந்தால் உள்ளே ஒரு பட்டை வைத்து ரிவெட் அடிக்கச் சொல்லுங்கள். முன்விளிம்பின் இரு முனையிலும் ரப்பர் குமிழ் ஒட்டினால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும்.

அடுத்தது கொண்டி. கண்ணாமூச்சி விளையாட்டில் குழந்தை உள்ளே புகுந்துகொண்டால் கொண்டி தானாகவே விழுந்து நாதாங்கியில் மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றிவிடுங்கள். காற்றுக்குப் பக்கங்களிலும் முன்னாலும் துளை போட்டு, துளையின் ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பின்பக்கத்தில் மட்டும் போட்டால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கும்போது அடைபட்டுவிடும்.

இதற்கே பத்து நாள் சரியாக இருக்கும். எனாமல் பெயின்ட் ஒரே நாளில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும், ஆனால் உள்ளுக்குள் இறுகி வாடை அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். எனவே இப்போது அடிக்க வேண்டாம்.

பழைய மஞ்சள் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தூசி கண்ணைக் கரிக்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பரவாயில்லையா? (சேலம்)

தம்பி, இப்போதே நிறுத்துங்கள். இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்கார பெயின்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் பொருள் அது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதற்கு ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது.

தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருக்கும்போது இந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பெயின்ட் அடிக்காத வெள்ளைத் தகடுப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். தீயில் காட்டி உரிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் புகை தூசியைவிட மோசம்.

துருவை எடுக்க வினிகர் போடலாமா?

கறுப்புத் தகடு, அதாவது துத்தநாகம் பூசாத வெறும் இரும்புத் தகடு என்றால் போடலாம். துணியை வினிகரில் நனைத்து இரவு முழுவதும் போர்த்திவையுங்கள். காலையில் தேய்த்து, சோடா உப்பு கரைத்த நீரால் கழுவி, உடனே வெயிலில் காயவையுங்கள். அன்றைக்கே பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மஞ்சளாகப் புதுத் துரு பூத்திருக்கும். துத்தநாகம் பூசிய தகட்டில் வினிகர் படக் கூடாது, பூச்சையே அரித்துவிடும்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். மூலை மடிப்புகளில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் தகர வேலைக்காரரிடம் எடுத்துப் போங்கள்.

சென்ற ஆண்டு அடித்த நல்ல எனாமல் பாம்புச் சட்டைபோல உரிகிறது. ஏன்? (கோவையிலிருந்து ஓர் அம்மா)

உங்கள் பெட்டி துத்தநாகம் பூசிய தகடு. கழுவிப் பாருங்கள், சாம்பல் வெள்ளையில் பனிப்பூ படிந்ததுபோல ஒரு மினுமினுப்பு தெரியும். எனாமலில் உள்ள எண்ணெய்ப் பொருள் துத்தநாகத்தோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகவே மாறிவிடுகிறது. சோப்பின்மேல் எது ஒட்டும், சொல்லுங்கள்! உரித்தெடுத்துவிட்டு, ‘ஜிஐ தகட்டுக்கானது’ (ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு) என்று டப்பாவில் போட்டிருக்கும் பிரைமரை முதலில் அடியுங்கள். கடைக்காரர் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரை நீட்டினால் வாங்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சு, பிள்ளைகள் புழங்கும் பொருளுக்கு ஆகாது.

உள்ளே ஒரே அந்துருண்டை வாடை.

மூடியைத் திறந்து நாலைந்து நாள் நல்ல வெயிலில் வையுங்கள். பிறகு அடுப்புக்கரியை ஒரு தட்டில் போட்டு உள்ளே வைத்து ஒரு வாரம் மூடிவையுங்கள். மறுபடி அந்துருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.

உட்புறம் பூப்போட்ட துணி ஒட்ட மைதாப் பசை போதுமா?

போதும். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது பழைய பைண்டிங் கடைப் பழக்கம். அது விஷம், இங்கே வேண்டாம். பசையை மெல்லியதாகப் பூசி முற்றக் காயவிடுங்கள்.

பன்னிரண்டு வயது மகனுக்காக வாங்கிய கறுப்புப் பெட்டியின் மூடியில் வெள்ளை எழுத்தில் யாரோ ஒரு இராணுவ வீரரின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. அழித்துவிடலாமா? (வேலூர்)

பெயின்ட் உரியாமல் இறுக்கமாக இருந்தால் தொடவே தொடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், போதும். உரிந்திருந்தால் சேலத்துத் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். எண் ஏதாவது தேய்ந்திருந்தால் அதன்மேல் புதிதாக எழுதிச் சரிசெய்யவும் வேண்டாம். மூடியின் உட்புறம் காலியாகத்தான் இருக்கும், மகன் பெயரை அங்கே எழுதிக்கொள்ளட்டும். பிரஷை அவன் கையிலேயே கொடுங்கள்.