ஈயக் குண்டு வார்க்க அச்சு வாங்கலாமா?

கேள்வி: வேட்டைக்கு உரிமம் இருக்கிறது, வைத்திருப்பது 12 போர் துப்பாக்கி. கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் பழைய ஈயம் நிறைய கிடப்பதால், குண்டு வார்க்கும் அச்சும் தோட்டா நிரப்பும் பிரஸ்ஸும் சேர்ந்த செட் ஒன்றை வாங்க நினைக்கிறேன். குழல் 18.5 மி.மீ., அச்சும் அதே அளவில் எடுத்தால் சரிதானே?

பதில்: அந்த அளவில் மட்டும் எடுக்காதீர்கள். 12 போர் என்ற பெயரே ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டு வார்த்தால் ஒரு குண்டு என்ன பருமன் வருமோ அதை வைத்து வந்ததுதான், அதனால் உங்கள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. ஆனால் குழலின் வாய்ப்பக்கம் சோக் (குறுக்கிய பகுதி) இருந்தால் அங்கே துளை குறுகும், மிகக் குறுகலான ஃபுல் சோக்கில் ஏறக்குறைய 1 மி.மீ. வரை. குழல் அளவுக்கே வார்த்த குண்டு அங்கே போய் நெரியும், குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். குண்டு, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் வாட் (கிண்ணம் போன்ற அடைப்பு), இரண்டும் சேர்ந்து சோக்கின் மிகக் குறுகலான இடத்தைத் தடையில்லாமல் கடக்க வேண்டும். அதனால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து சோக்கை அளந்து வாங்கிவிட்டு அப்புறம் அச்சைப் பாருங்கள்.

செட்டில் பொதுவாக நல்ல தராசு இருக்காது, எனக்கு அதுதான் பெரிய குறை. வெடிமருந்தைக் கரண்டிக் கணக்கில் போடுவது கூடவே கூடாது, ஒரே அளவு கரண்டியில் ஒரு மருந்து இன்னொன்றைவிட பல மடங்கு வேகமாக எரியும். மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் அளவுப் புத்தகத்தில் உங்கள் காலித் தோட்டா, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வாட், குண்டின் எடை நான்கும் அப்படியே பொருந்தும் அளவு இருந்தால் மட்டும் நிரப்புங்கள். ஒன்றை மாற்றினாலே குழலுக்குள் அழுத்தம் எகிறலாம். அந்தப் புத்தகத்தில் இல்லாத குண்டுக்கு அச்சு வாங்கியும் பயனில்லை. ரவைக்கு (ஒரே தோட்டாவில் நிறைய சிறு குண்டுகள்) கொடுத்திருக்கும் அளவை ஒற்றைக் குண்டுக்கு அப்படியே போடாதீர்கள்.

பழைய ஈயம் என்றீர்களே, அது எதிலிருந்து வந்தது? பேட்டரித் தகடு என்றால் தொடவே வேண்டாம், அதை உருக்கினால் நச்சு வாயு வரும். வண்டிச் சக்கரத்தில் சமநிலைக்காகப் பொருத்தும் எடைகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. ஈயம் 327 டிகிரியில் உருகும், துத்தநாகத்துக்கு சுமார் 420 வேண்டும், அதனால் சூட்டைக் குறைத்து வைத்து மிதப்பதை எடுத்துவிடலாம். சட்டியில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தால் போதும், உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை கட்டாயம். சமையல் பாத்திரம், சமையல் அடுப்பு இரண்டும் வேண்டாம், வெட்டவெளியில் குழந்தைகள் வராத இடத்தில் செய்யுங்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது, உங்கள் உடையிலும் செருப்பிலும் ஒட்டிய தூசியே வீட்டுக்குள் போகும்.

காசு மிச்சமா? வருடத்துக்கு ஒரு பெட்டி தோட்டா சுடுபவருக்கு அச்சு, தராசு, சட்டி விலையே திரும்ப வராது. அடிக்கடி சுடுபவர் என்றால் வரும். எதற்கும் பணம் கட்டுவதற்கு முன், வீட்டில் தோட்டா நிரப்ப உங்கள் உரிமம் இடம் தருகிறதா, வேட்டையாடும் இடத்தில் ஈயக் குண்டுக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். உரிமம் இடம் தராவிட்டால் அந்த செட் உங்களுக்கு வேண்டாம்.