ஏலத் தோட்டத்துக் கூலிக் கணக்குக்கு எந்த லோ-கோடு தளம்?

கேள்வி: குமுளிக்கு அருகே எங்களுக்கு ஏலத் தோட்டமும் காய் உலர்த்தும் ஸ்டோரும் உள்ளன, அலுவலகம் போடிநாயக்கனூரில். காய் எடுப்புக்குக் கம்பத்திலிருந்து ஜீப்பில் 60 பேர் வருகிறார்கள். எடை நோட்டில், கூலி எக்செல்லில், ஸ்டோர் கணக்கு வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. நிரல் எழுதத் தெரியாத நாங்கள் எந்த லோ-கோடு தளத்தில் (அதிகம் நிரல் எழுதாமலே செயலி அமைக்க உதவும் தளம்) செயலி அமைக்கலாம்?

பதில்: கங்காணியின் கைப்பேசியோடு காய் நிறுக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். சிக்னல் இல்லையென்றால், இணையமின்றிப் பதிந்து வைத்து ஸ்டோருக்கு வந்ததும் அனுப்பும் வசதி இல்லாத தளங்களை அங்கேயே கழித்துவிடலாம்.

உங்கள் நிலைமைக்கு அப்போது இரண்டு மிஞ்சும்: கூகுள் 2020இல் வாங்கிய ஆப்ஷீட், நம் ஸோஹோவின் கிரியேட்டர். கணக்கு ஏற்கெனவே எக்செல்லில் இருப்பதால் ஆப்ஷீட்டில் தொடங்குங்கள் என்பேன். 10 பேர் வரை கட்டணமின்றிச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: தாளில் எத்தனையாவது வரி என்ற எண்ணைப் பதிவின் அடையாளமாக வைக்காதீர்கள். இரண்டு கங்காணிகள் இணையமின்றிப் பதிந்துவிட்டு ஒன்றாக அனுப்பினால் ஒருவர் எழுதியதை மற்றவருடையது அழித்துவிடக்கூடும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளத்தைச் செயலியே உருவாக்கும்படி அமையுங்கள்.

மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நல்ல தளம்தான். ஆனால் எக்செல் கோப்பை வைத்துக்கொண்டு அதில் கூட்டுத்தொகை கேட்டால், இயல்பாக முதல் 500 வரிகளைத்தான் கூட்டும். அமைப்பை மாற்றினாலும் 2,000தான் உச்சம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு வரி என்றால் ஒன்பதாம் நாளே 540 வரி. செயலியில் கூலி குறைந்து நிற்கும். ஏன் என்று கங்காணிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ரீடூல், ஆப்ஸ்மித் போன்ற தளங்கள் தரவுத்தளமும் ஓரளவு ஜாவாஸ்கிரிப்ட் அறிந்த ஆளும் உள்ள அலுவலகங்களுக்கு. ஆப்ஸ்மித்தை இலவசமாக நம் சர்வரிலேயே நிறுவலாம் என்பது உண்மை. அந்த சர்வரை யார் பார்த்துக்கொள்வது?

கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு, மாதத்துக்கு. 60 பேரைக் கணக்கிட்டுப் பயப்பட வேண்டாம். காய் எடுப்பவர்களுக்குக் கணக்கு எதற்கு? இரண்டு கங்காணி, ஸ்டோர்க்காரர், அலுவலகத்தில் ஒருவர், நீங்கள்: ஐந்து பேர் போதும். பொத்தான்களைத் தமிழிலேயே எழுதுங்கள்.

பில்லை மட்டும் இதற்குள் இழுக்காதீர்கள். கேரளத்தில் ஒரு ஜிஎஸ்டி பதிவு, தமிழ்நாட்டில் ஒன்று என்றிருந்தால் சொந்தச் சரக்கு மலையிறங்கினாலும் வரிக்கணக்கு உண்டு, சரக்கோடு போகவேண்டிய இ-வே பில் உண்டு. அது கணக்கு மென்பொருளான டாலியின் வேலை. செயலிக்கு வேறு வேலை இருக்கிறது: பச்சைக்காயும் உலர்காயும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்தது வரவேண்டும். ஒரு நாள் அது ஏழுக்கு ஒன்றாக இறங்கினால், பிஞ்சு பறித்தார்களா, எடையில் தவறா, மூட்டை வேறு வழி போனதா என்று அன்றைக்கே கேட்கலாம். நோட்டில் அது சீசன் முடிந்தபின்தான் தெரியும்.

பணம் கட்டுமுன் ஒரு வாரம் நோட்டையும் செயலியையும் சேர்த்தே நடத்துங்கள். சனிக்கிழமை எல்லாப் பதிவுகளையும் ஒரு கோப்பாக இறக்கி, செயலியைத் திறக்காமல் அதைக் கொண்டே கூலி போட்டுப் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்தத் தளம் வேண்டாம்.