நாற்பது வினைகளும் ஒரு அம்புக்குறியும்

கேள்வி: பண்ருட்டியிலிருந்து தினமும் கடலூர் போய் பி.எஸ்சி. வேதியியல் முதலாமாண்டு படிக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். மனப்பாடம் செய்தே நல்ல மார்க் வாங்கினேன். இப்போது ஆர்கானிக்கில் நாற்பது வினைகளை மனப்பாடம் செய்தும் இன்டர்னலில் 25க்கு 9தான். மேஜரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தங்கையே. முதல் இன்டர்னலைப் பார்த்து மாறுவதென்றால் அன்றைக்கு என் வகுப்பில் பாதிப் பேர் மாறியிருக்க வேண்டும், நான் உட்பட.

நாற்பதையும் தனித்தனியாக உருப்போட்டதுதான் கோளாறு. அசிட்டோனை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கார்பனோடு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கார்பனுக்குப் பற்றாக்குறை. எலக்ட்ரானைக் கையில் வைத்திருப்பவர் யார் வந்தாலும் அந்தக் கார்பனைத்தான் பிடிப்பார். சயனைடு வந்தால் சயனோஹைட்ரின். சோடியம் போரோஹைட்ரைடின் ஹைட்ரைடு வந்தால் ஆல்கஹால். கார்பனைச் சுமந்துவரும் கிரிக்னார்டு வினைப்பொருள் வந்தாலும் கடைசியில் ஆல்கஹால்தான், கார்பன் மட்டும் கூடியிருக்கும். நோட்டில் மூன்று பக்கம், நடப்பது ஒன்றே.

இப்படி எலக்ட்ரான் நகர்வதைக் காட்டத்தான் வினையில் வளைந்த அம்பு வரைகிறோம். அது எலக்ட்ரான் இருக்கும் இடத்தில்தான் கிளம்ப வேண்டும். புரோட்டானிலிருந்து அம்பு போடுகிறவர்கள் ஏராளம். பாவம், அதனிடம் கொடுக்க எலக்ட்ரான் ஏது?

தமிழ் மீடியம் என்று தயங்க வேண்டாம். எலக்ட்ரானைக் கையில் வைத்திருப்பவர் என்றேனே, அந்த நியூக்ளியோஃபைலைக் ‘கருக்கவர் பொருள்’ என்று படித்தீர்களே, அது எதைத் தேடிப் போகும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பள்ளிப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உங்கள் ஊர் முந்திரி. கொட்டை உடைப்பவர்களின் கையைப் புண்ணாக்கும் தோட்டு எண்ணெயில் அனகார்டிக் அமிலம் இருக்கிறது. ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு ஹைட்ராக்சில், பக்கத்தில் ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி, 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். சூடுபடுத்தினால் கார்பன் டை ஆக்சைடு கழன்றுகொண்டு கார்டனால் என்ற சேர்மம் கிடைக்கும். முதலில் இதை வரைந்து பாருங்கள்.

தினமும் அரை மணி நேரம் போதும். ஆனால் நோட்டை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில், கையால். படித்துக்கொண்டே தலையாட்டுவது கணக்கில் வராது. பஸ்ஸில் வரைய முடியாது, வீட்டில்தான். அடுத்த இன்டர்னல் மார்க்கை எழுதுங்கள். மேஜர் பற்றி அப்போது பேசலாம்.