அடுக்களையில் இருக்கும் வாசகி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்தில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, புதிதாக வந்த ஒரு காதல் நாவலையோ வரலாற்று நாவலையோ அறிமுகம் செய்து பேசுகிறேன். முழுக் கதையையும் முக்கால் மணி நேரம் விளக்கிச் சொல்வேன். வருபவர்கள் ஓய்வுபெற்ற ஆண்கள் பத்துப் பதினைந்து பேர். கேட்டுவிட்டுப் போகிறார்கள், நூலை ஒருவரும் எடுத்துப் போவதில்லை. என் பணத்தில் வாங்கிய நூல்கள் அட்டை போட்டுக் கண்ணாடி பீரோவில் அப்படியே இருக்கின்றன. “காதல் நாவல் எதற்கு? வரலாற்று நாவலை மட்டும் பேசுங்கள்” என்கிறார் ஒரு பெரியவர். இளம்பெண்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இக்காலத்துப் பெண்களுக்கு வாசிப்பே போய்விட்டது. என் மருமகள் பட்டம் படித்தவள்தான். பேரனைத் தூங்கவைத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் பதினொரு மணி வரை கைப்பேசியில் ஏதோ காதல் தொடர்கதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு புத்தகத்தைத் தொடமாட்டாள். காதல் நாவல்களை விட்டுவிடட்டுமா? இவர்களை எப்படி வாசிக்க வைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தக் கடிதம் எனக்குப் பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. கூட்டம் சேரவில்லை, வந்தவர்கள் நூலை எடுக்கவில்லை, இளையவர்களுக்கு அக்கறை இல்லை என்ற வரிசைகூட மாறுவதில்லை. உங்கள் தொண்டு பெரியது, மனம் தளராதீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டு நீங்கள் கடந்துபோன ஓர் இடத்தை என்னால் கடக்க முடியவில்லை. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

குழந்தையைத் தூங்கவைத்து, பாத்திரமும் கழுவி முடித்து, இரவு பதினொரு மணி வரை உங்கள் மருமகள் காதல் தொடர்கதை படிக்கிறார். பெண்களுக்கு வாசிப்பே போய்விட்டது என்பதற்குச் சான்றாக இதை எழுதியிருக்கிறீர்கள். விடியுமுன் எழுந்து நாள் முழுக்க நின்று வேலை செய்த உடம்பு படுக்கையைத் தேடும் நேரத்தில், தூக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த அத்தியாயத்தைத் திறக்கிறவர் வாசகி இல்லையென்றால் வேறு யாரை வாசகி என்பீர்கள்? உங்கள் கூட்டத்துக்கு வரும் பெரியவர்களில் ஒருவராவது ஒரு நாவலுக்காக ஒரு நாள் தூக்கத்தை விட்டிருப்பாரா? நீங்கள் ஊரெல்லாம் தேடுகிற வாசகி உங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கிறார். அவரைத்தான் வாசிக்காதவர் பட்டியலில் சேர்த்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அவர் படிக்கும் தொடரின் பெயர் உங்களுக்குத் தெரியாது. எழுதுகிறவர் யார், கதை எந்த ஊரில் நடக்கிறது, நாயகி என்ன இக்கட்டில் நிற்கிறாள் என்பதும் தெரியாது. தெரிந்திருந்தால், நாவலைப் பற்றி இவ்வளவு பேசுகிற நீங்கள் கடிதத்தில் எழுதாமல் இருந்திருக்கமாட்டீர்கள். ஒரே வீட்டில், ஒரே உலையில் வெந்த சோற்றைச் சாப்பிடுகிற இரண்டு பேர், இருவரும் காதல் கதை படிக்கிறவர்கள், அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இதை எண்ணித்தான் நான் வருந்துகிறேன். காதல் நாவல் எதற்கு என்று நூலகத்தில் உங்களை மட்டம்தட்டுகிற அந்தப் பெரியவர் செய்வதைத்தான் வீட்டில் உங்கள் மருமகளுக்கு நீங்கள் செய்கிறீர்கள்.

கைப்பேசியில் தொடராகப் படிப்பது வாசிப்பாகாது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடர்கதையாகத்தான் வந்தது. இன்று தடித்தடியான தொகுதிகளாக நாம் அலமாரியில் வைத்திருப்பதை, அன்று நம் வீட்டுப் பெண்கள் வாரம் ஓர் அத்தியாயமாகப் படித்து, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். அவர்களையும் அன்றைய பெரியவர்கள் வேலை கெட்டவர்கள் என்று ஏசியிருக்கிறார்கள். இன்று பிரதிலிபி போன்ற செயலிகளில் எத்தனையோ பெண்கள் குடும்ப வேலைக்கு நடுவே அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். படிக்கிறவர்கள் அன்றே கருத்துச் சொல்கிறார்கள். அதில் நல்லதும் உண்டு, பதரும் உண்டு. அச்சில் வருவதும் அப்படித்தான். எது நல்லது, எது பதர் என்று பிரித்துச் சொல்லத்தானே நூல் அறிமுகம் என்ற ஒன்றே வேண்டியிருக்கிறது?

இன்று தருமபுரி எனப்படும் நம் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று பாடியது புறநானூற்றில் 95-ஆம் பாட்டாக இருக்கிறது. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன; எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து எப்போதும் கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் அவர். பள்ளியில் இந்தப் பாட்டை நீங்களே எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். உங்கள் பீரோவையும் உங்கள் மருமகளின் கைப்பேசியையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி நேரத்தைப் பற்றி. நானும் தருமபுரிக்காரிதான், நம் பக்கத்து வீடுகளில் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கும். இன்னொன்றில் கேழ்வரகுக் களி. களி கிண்டத் தொடங்கிவிட்டால் துடுப்பைக் கையிலிருந்து கீழே வைக்க முடியாது. வைத்தால் கட்டி தட்டிவிடும். ஒரு காலால் சட்டியின் கிடுக்கியை அழுத்திக்கொண்டு, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு கிண்டுகிறவள் எப்படி நூலகத்துக்கு வருவாள்? வேலைக்குப் போகிற பெண்களுக்கோ ஆறு நாள் துணியும் ஆறு நாள் தூக்கமும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும். பெண்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லையே என்று குறைப்படுவது நியாயமில்லை. நீங்கள் பேசிவிட்டு வீடு திரும்பும்போது உங்களுக்கான சோறு ஆக்கி வைக்கப்பட்டிருக்கிறது அல்லவா? அதை ஆக்கியவர் உங்கள் பேச்சைக் கேட்க முடியாமல் போனதற்கு அதுதானே காரணம்?

உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி, அவர் குடும்பத்தோடு இருக்கிறீர்கள் என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. அந்த வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள்? மருமகள் வேலை செய்யவே கூடாது என்று சொல்கிறவள் அல்ல நான். குடும்பம் என்றால் எல்லோரும் உழைக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லோரும் என்றால் எல்லோரும். பெரியவர்களைப் பேணுவது இளையவர்களின் கடமை என்பதில் எனக்கு எவ்வளவு உறுதியோ, அதே அளவு உறுதி, இளையவர்களுக்கு ஓய்வும் நேரமும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது பெரியவர்களின் கடமை என்பதிலும் எனக்கு உண்டு. மாமியார் என்ற இடத்துக்கு வீட்டில் அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு “இன்று முதல் இரவுப் பாத்திரம் உன் பொறுப்பு” என்று மகனிடம் நீங்கள் சொல்லலாம். மருமகள் சொன்னால் சண்டையாகும். நீங்கள் சொன்னால் நடக்கும். அப்படிச் செய்தால் பதினொரு மணிக்கு முடிகிற அவருடைய வாசிப்பு ஒன்பதரைக்கே தொடங்கும். நாவல் வாசிப்புக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் தொண்டு அதுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காதல் நாவலை விட்டுவிட்டு வரலாற்று நாவலை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. தமிழின் முதல் வரலாற்று நாவலாகச் சொல்லப்படுவது திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப் பிள்ளை எழுதி 1895-இல் வெளிவந்த நூல். அதற்கு அவர் ‘மோகனாங்கி’ என்று நாயகியின் பெயரைத்தான் வைத்தார். நாயக்கர் காலத்து அரசியலும் காதலும் அதில் ஒன்றாகத்தான் வந்தன. சங்க இலக்கியத்திலேயே அகப்பாட்டைப் பாடிய கபிலர்தான் புறப்பாட்டையும் பாடினார். போரைப் படித்தால் பெருமை, காதலைப் படித்தால் வெட்கம் என்ற எண்ணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு நீங்கள் இடம் கொடுக்கவேண்டாம்.

வரலாற்று நாவலை அறிமுகம் செய்யும்போது முழுக் கதையையும் முக்கால் மணி நேரம் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். முடிவு தெரிந்த பிறகு எவர் நூலை எடுப்பார்? கேட்கிறவர்களுக்கு வேண்டியது வேறு: இந்த நாவலில் எது ஆவணத்தில் உள்ளது, எது எழுதியவரின் கற்பனை என்று பிரித்துக் காட்டுங்கள். அதற்கு நம் மாவட்டங்களைப்போல வசதியான இடம் கிடையாது. நம் பகுதிக்கு அன்றிருந்த பெயர் பாராமகால். திப்பு காலத்துப் பாராமகாலைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கிறது என்று வையுங்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்குப் போனது, அலெக்சாண்டர் ரீடு இங்கே கலெக்டராக வந்தார், அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ பிற்காலத்தில் சென்னை மாகாண கவர்னரானார் என்பதெல்லாம் பதிவில் உள்ளவை. அந்த ஆண்டு தீர்வை கட்டுவதற்காகக் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்த ஒருத்தி கணவனிடம் என்ன பேசினாள் என்பது எந்தப் பதிவிலும் இருக்காது. அந்தப் பேச்சை நாவலாசிரியர் நம்பும்படி எழுதியிருக்கிறாரா, அல்லது இன்றைய தொலைக்காட்சித் தொடரின் வசனத்தை அவள் வாயில் வைத்திருக்கிறாரா? இதை எடுத்துச் சொன்னால், கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தினமும் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டு போகிறவர்கள்கூட அந்த நூலைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

நம் வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்களும் அப்படித்தான். பழைய கற்கள் பலவற்றில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். மாடுகளை மீட்கும் சண்டையில் விழுந்தவனின் பெயர் இருக்கும். வில்லோ வாளோ ஏந்தி நிற்கும் அவன் உருவமும் இருக்கும். அவன் வருவான் என்று வீட்டில் இருந்தவளின் பெயரைக் கல்லில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வரலாறு அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நல்ல வரலாற்று நாவலாசிரியர் போய்க் கேட்கிறார். அந்த வகை நாவலை நான் மதிப்பதற்கு இதுவே காரணம்.

காதல் நாவலைப் பற்றி இன்னும் கண்டிப்பாகப் பேசவேண்டும். இன்று வரும் பலவற்றில் நாயகன் நாயகியைக் கைபிடித்து இழுக்கிறான், மிரட்டுகிறான், சந்தேகப்பட்டு அறைகிறான், கட்டாயத் தாலிகூடக் கட்டுகிறான்; கடைசி அத்தியாயத்தில் அதற்கெல்லாம் காதல் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். இதைப் படித்து வளரும் பெண்பிள்ளை, அடிக்கிறவன்தான் ஆசையுள்ளவன் என்று நம்பிவிடக்கூடாது. கூட்டத்தில் இதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் வீட்டில் உங்கள் மருமகளிடம் கேளுங்கள்: இப்படிப்பட்ட நாயகனை ஏன் எழுதுகிறார்கள், படிக்கிறவர்கள் அவனை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று. நம் தலைமுறைக்குத் தெரியாத ஒரு பதில் அவரிடம் இருக்கும். பதில் சொல்லும்போது இடையில் புகுந்து திருத்தாதீர்கள். ஆசிரியைகளுக்கு அது கடினம் என்று எனக்குத் தெரியும்.

கூட்டத்தை வேலைநாளில் பிற்பகல் இரண்டரை மணிக்கு மாற்றிப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் முடிந்து, பள்ளி விடும் நேரத்துக்கு முன்னால் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் வீட்டிலிருக்கும் பெண்களுக்குச் சொந்தமானது. வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு மாலையில் இன்னொன்று வையுங்கள். கதையைச் சொல்லாதீர்கள், நாவலிலிருந்து ஒரு பக்கத்தை உரக்கப் படியுங்கள், சிக்கல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அங்கேயே நூலைக் கைக்குக் கொடுத்தனுப்புங்கள். பீரோவில் இருப்பவை அதற்குப் பயன்படட்டும். கிழிந்து வந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

மருமகளைக் கூட்டத்துக்கு அழைத்துப்போய், பாருங்கள் என் மருமகளும் படிக்கிறாள் என்று காட்டாதீர்கள். வர விரும்பினால் அவரே வருவார். நீங்கள் செய்யவேண்டியது, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிற உங்கள் குடும்பத்தில் அவர் பெயரில் ஒரு உறுப்பினர் அட்டை எடுத்துக்கொடுப்பதுதான். படிவத்தை நீங்கள் நிரப்பவேண்டாம். அவரே நிரப்பிக் கையெழுத்திடட்டும். நூலகத்துக்கு அவர் போகும் நேரத்தில் பேரனை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த நூலை எடுத்துவந்தாலும், இதையா எடுத்தாய் என்று கேட்காதீர்கள்.