ஈயம்: கையில் ஒட்டுவது வயிற்றுக்குப் போகும் வழி

ஈயம் பற்றி இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஐந்தை எடுத்துக்கொண்டோம். கீழே ஈயம் என்று வரும் இடமெல்லாம் காரீயம்தான் (லெட்). வெள்ளீயத்தை (டின்) அதன் பெயரிலேயே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் லாரி பேட்டரி ரிப்பேர் கடையில வேலை பார்க்கறாருங்க. ரெண்டு மாசமா வயித்து வலி, மலச்சிக்கல். அல்சர்னு மாத்திரை சாப்பிட்டும் கேக்கலைங்க. கடையில தினமும் பாலும் வாழைப்பழமும் குடுக்கறாங்க, அது ஈயத்தை முறிச்சுரும்ங்கறாங்க. வீட்ல மூணு வயசுப் பையன் இருக்கான். பயப்படணுங்களா?
— வாசகி, சங்ககிரி

பயப்படுவதை விட, இந்த வாரமே கணவருக்கும் பையனுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். பேட்டரி வேலை, விட்டு விட்டு வரும் வயிற்று வலி, மலச்சிக்கல் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் முதல் சந்தேகம் ஈயத்தின் மேல்தான் போக வேண்டும். கூடவே சோர்வு, சோகை, தலைவலி, மூட்டு வலி இருக்கிறதா என்று கேளுங்கள். நாள்பட்டால் மணிக்கட்டு தொங்கிப்போகும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். டாக்டரிடம் போனதும் “பேட்டரி பிரிக்கிற வேலை” என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாததால்தான் பலர் மாதக்கணக்கில் அல்சர் மாத்திரை விழுங்குகிறார்கள்.

கேட்க வேண்டிய சோதனை ‘ரத்தத்தில் ஈய அளவு’. நரம்பில் எடுத்த முழு ரத்தம் வேண்டும். சீரம் பிரித்துப் பார்த்தால் பயனில்லை, ஏனென்றால் ரத்தத்தில் உள்ள ஈயத்தில் பெரும்பங்கு சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. வெறும் வயிறு தேவையில்லை. குளித்து, வேறு உடை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போகட்டும். தோலில் ஒட்டியிருக்கும் தூசி ஊசியோடு போனால் கணக்கு தப்பாகிவிடும். டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். குழந்தைக்கு 45-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். ஈயத்துக்கு ‘இதுவரை பரவாயில்லை’ என்ற அளவே கிடையாது. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். சின்னக் குழந்தைக்குப் பாதி வரை சேரும். அதனால் பையனின் அளவுதான் எங்களுக்கு முதல் கவலை.

பால், வாழைப்பழம் விஷயம். ஈயத்தை முறிக்கும் உணவு எதுவும் இல்லை. ஆனால் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். வெறும் வயிறும் அப்படித்தான். ஆகவே காலையில் ராகிக் களியோ கம்மங்கூழோ சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவது நல்லது. அதற்காக, பழத்தை ஈயக் கையால் உரித்துத் தின்றால் பழத்தோடு ஈயமும் உள்ளே போகும்.

கட்டி ஈயத்தைத் தொட்டால் தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. ஆபத்து பேட்டரிக்குள் இருக்கும் ஈயப் பிளேட்டில் இருந்து உதிரும் பழுப்பு, சாம்பல் நிறப் பொடியில் இருக்கிறது. அது ஈய ஆக்சைடும் சல்பேட்டும். நகக்கண்ணில் ஏறி, பீடியிலும் டீ கிளாஸிலும் ஒட்டி வாய்க்குப் போகிறது. கடையில் மாற்ற வேண்டியவை இவை. பிளேட்டைக் காய்ந்த நிலையில் தட்டாமல் நனைத்தே கையாள வேண்டும். தரையை விளக்குமாற்றால் பெருக்கவோ கம்ப்ரசர் காற்றால் ஊதவோ கூடாது. சோப்புத் தண்ணீரில் ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும். பீடி, வெற்றிலை, டீ எல்லாம் கடைக்கு வெளியே, கை கழுவிய பிறகு.

பிளேட்டுகளை ஈயம் உருக்கி ஒட்டும்போது சட்டியின் சூடு முக்கியம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 500-ஐத் தாண்டினால் புகை கண்டபடி கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அளவிலும் அது நுரையீரலுக்கு நேராகப் போய்ச் சேரும். சட்டி சிவக்கச் சூடேற்றுவது வீண் வேலை, ஈயமும் கசடாகி நஷ்டம். மேலே மிதக்கும் கசடை வழித்து மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும், ஓரமாகக் கொட்டக் கூடாது. முகத்தில் கட்டும் துண்டும் ஆஸ்பத்திரி மாஸ்கும் ஈயப் புகையைத் தடுக்காது. ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி3 மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். பழைய பேட்டரியைக் கொல்லையில் உடைத்து உருக்குவது அடியோடு வேண்டாம். 2022-ம் வருஷ பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது கடைச் சட்டையும் செருப்பும் கடையிலேயே இருக்கட்டும். முடியாவிட்டால் பையில் கட்டிக்கொண்டு வந்து தனியாகத் துவைக்க வேண்டும். தலைக்குக் குளித்த பிறகுதான் பையனைத் தூக்கலாம். வண்டி சீட்டையும் ஹேண்டிலையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஈயத்தை வெளியேற்றும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே அதே வேலையைத் தொடரக் கூடாது. ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் எலும்பில் தங்கியது பல வருஷம் இருந்து, மெதுவாக ரத்தத்துக்குத் திரும்பி வரும். அதனால் ஒரு சோதனையோடு விடாமல், டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கேள்வி: லாரி பாடி பட்டறையில பழைய மஞ்சப் பெயின்ட்டைத் தேய்க்கறோம். 90 பிபிஎம்முக்கு மேல ஈயம் இருக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துருச்சே, இன்னும் என்னங்க பயம்?
— பெயின்டர், திருச்செங்கோடு

2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) விதி வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுக்குத்தான். லாரிக்கு அடிக்கும் தொழிற்சாலைப் பெயின்ட் அதில் சேரவில்லை. பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் லெட் குரோமேட்தான் வெகுகாலமாக நிறம் கொடுத்தது. அதில் ஈயத்தோடு, நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியமும் இருக்கிறது. எனவே பழைய மஞ்சள் வண்டி எதுவானாலும் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கிரைண்டரில் தேய்ப்பதும் புளோ லாம்ப் வைத்துச் சுடுவதும்தான் மிக மோசம். ஒன்று தூசி, மற்றது புகை. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பெரும்பகுதி கட்டுக்குள் வரும். ஆனால் வழிந்த சேறு தரையில் காய்ந்தால் திரும்பவும் தூசிதான், அன்றன்றே துடைத்து மூட்டை கட்டிவிடுங்கள். கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் இரும்பு ஆக்சைடு. ரெட் லெட் பிரைமர் வேறு, அது ஈயமேதான். டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

கேள்வி: மஞ்சத்தூள்ல லெட் குரோமேட் கலக்கறாங்கன்னு வாட்ஸாப்ல வருது. தண்ணியில போட்டுப் பார்த்தா தெரிஞ்சிரும்ங்கறாங்களே, நிஜங்களா?
— வாசகர், ஈரோடு

தண்ணீர் சோதனை சாயம் கலந்த தூளைக் காட்டிக்கொடுக்கலாம். லெட் குரோமேட் தண்ணீரில் கரையாது, மஞ்சளோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். அது மஞ்சளின் நிறமேதான். ஆகவே ‘தண்ணி தெளிவா இருக்கு’ என்பதை நம்ப வேண்டாம்.

அளவைப் பாருங்கள். லெட் குரோமேட்டின் எடையில் 64 சதவீதம் ஈயம். ஒரு கிலோ தூளில் ஒரே ஒரு கிராம் கலந்தாலும் 640 மில்லிகிராம் ஈயம் ஆகிவிடும். மஞ்சளுக்கு அனுமதித்த வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான். லெட் குரோமேட் கலப்பதற்கோ அனுமதியே இல்லை. இந்தக் கலப்பு தூளில் மட்டும் நடப்பதில்லை. விரலி மஞ்சளை டிரம்மில் போட்டு பாலீஷ் பண்ணும்போது மேலே பூசுவதும் உண்டு.

ஈரோட்டுக்காரர் நீங்கள், மண்டி பக்கத்திலேயே இருக்கிறது. பாலீஷ் குறைவான, மங்கலான விரலியாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்றை உடைத்து உள்நிறத்தையும் மேல்நிறத்தையும் ஒப்பிடுங்கள். மேல்தோல் உள்ளே இருப்பதைவிடப் பளபளவென்று மஞ்சளாக இருந்தால், தேய்த்தால் விரலில் தூளாக ஒட்டினால், அதை விட்டுவிடுங்கள். மொத்தமாக வாங்குபவர் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ‘ஈய அளவு’ என்று எழுதிக் கொடுத்துச் சோதிப்பதே சரி. நல்ல மஞ்சளை விளைவிப்பவருக்கும் அந்தச் சீட்டு உதவும்.

கேள்வி: பாட்டி காலத்து ஈயச்செம்புலதான் ரசம் வெக்கறோம். அது வெள்ளீயந்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?
— வாசகி, கோயமுத்தூர்

பழசு என்பதால் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஈயம் விலை குறைவு, வெள்ளீயத்தோடு நன்றாகக் கலக்கும். புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும்.

சமையல் தராசு இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். செம்பைக் காய்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். செம்பை நூலில் கட்டி, காற்றுக்குமிழி தங்காமல், அடியையும் ஓரத்தையும் தொடாமல் முழுக்க முங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராமால் செம்பின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சுத்த வெள்ளீயத்துக்கு 7.3, ஈயத்துக்கு 11.3. 600 கிராம் செம்பு என்றால் தராசு 82 கிராம் அளவில் காட்ட வேண்டும். 68 என்று காட்டினால் சரிபாதி ஈயம், சமையலுக்கு ஆகாது.

ஆனால் பத்தில் ஒரு பங்கு ஈயம் இருந்தால் தராசு 79 காட்டும். இந்த வித்தியாசத்தை ஒரு குமிழியே மறைத்துவிடும். காகிதத்தில் தேய்த்துப் பார்க்கும் வழக்கத்தையும் பாதிதான் நம்பலாம்: கருங்கோடு விழுந்தால் சந்தேகப்படுங்கள், விழவில்லை என்றால் அது நற்சான்று இல்லை. கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்கு உலோகம் சோதித்துத் தரும் ஆய்வகங்கள் உண்டு. எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ் கதிர் பாய்ச்சி உலோகத்தை அறிவது) இருக்கும் இடமாகப் பார்த்தால் செம்பில் வடு விழாது. அதுவரை எவர்சில்வரில் ரசம் வையுங்கள். வெள்ளீயமேயானாலும் 232 டிகிரியில் உருகிவிடும், காலிச் செம்பை அடுப்பில் வைக்க வேண்டாம்.

கேள்வி: வலையில கட்டற ஈயக்குண்டை வெச்சு பேரன் விளையாடறான். ஒண்ணைக் காணோம், முழுங்கிட்டானோன்னு சந்தேகம்.
— வாசகர், பவானிசாகர்

காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஈயம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். வயிற்று அமிலத்தில் குண்டு தங்கினால் சில நாட்களிலேயே ரத்த அளவு ஏறும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதே மாதிரி குண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தச் சோதனையையும் கேளுங்கள். குண்டு மலத்தில் வெளியேறிவிட்டதா என்பதை இன்னொரு எக்ஸ்ரே எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.