சியேனா பேராலயத்தை நிறுத்தியது பிளேக்கா? — கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இத்தாலியின் சியேனா நகரப் பேராலயத்துக்குப் பக்கத்தில் கூரையில்லாமல் தனியே நிற்கும் பெரிய முகப்புச் சுவரைப் பற்றிப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். 1348இல் பிளேக் வந்ததால் வேலை நின்றுபோனது என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. அது மட்டும்தான் காரணமா? செப்டம்பரில் போகிறேன். எதைப் பார்க்கத் தவறக்கூடாது?

அன்புள்ள நண்பருக்கு,

பிளேக் வராமல் இருந்திருந்தாலும், ஆலயத்தைப் பெரிதாக்க எழுப்பிய அந்தக் கட்டடம் நிலைத்திருக்காது என்பதே என் எண்ணம். தூண்கள் தாங்கியிருக்காது.

இப்போதுள்ள பேராலயத்தின் குவிமாடம் 1260களில் முடிந்துவிட்டது. ஆறு தூண்கள்மேல் ஓர் அறுகோணம், அதன்மேல் பன்னிரண்டு பட்டைக் கழுத்து, அதற்கும் மேலே மாடம். பிறகு பீடப் பகுதியைக் கிழக்கே நீட்ட ஆசைப்பட்டார்கள். அந்தப் பக்கம் நிலம் செங்குத்தாகச் சரிகிறது. எனவே பள்ளத்தில் ஞானஸ்நான ஆலயத்தை எழுப்பி, அதன் தலைமேல் பீடப் பகுதியை ஏற்றினார்கள். 1322இல் ஐந்து வல்லுநர்கள் வந்து சோதித்தார்கள். ஒர்வியேத்தோ பேராலயத்தின் தலைமைச் சிற்பி லொரென்சோ மைத்தானி அவர்களில் ஒருவர். பழைய அஸ்திவாரம் அமர்ந்து இறுகிவிட்டது, புதியது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டையும் பிணைத்தால் விரிசல் விழும், குவிமாடத்துக்கும் ஆபத்து என்றார்கள். பழைய வீட்டுச் சுவரோடு புது அறையை ஒட்டிக் கட்டி, இணைப்பில் வெடிப்பு கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். இதைத் தொடராமல் புதிதாக ஓர் ஆலயம் கட்டுங்கள் என்பது அவர்களின் யோசனை. ஆனாலும் நீட்டிப்பு வேலை நடந்தது.

1339 ஆகஸ்டில் நகரசபை இன்னும் பெரிதாக முடிவெடுத்தது. இருக்கும் ஆலயம் முழுவதும் சிலுவையின் குறுக்குக் கையாக மாற வேண்டும். அதன் வலப்பக்கம் புதிய நடுக்கூடம், அதாவது ஆலயத்தின் நீளமான முதன்மைக் கூடம், நீள வேண்டும். நீங்கள் கேட்ட பெரிய சுவர் இந்தக் கூடத்தின் முகப்புதான். இதற்காக நேப்பிள்ஸிலிருந்து அழைக்கப்பட்ட பொற்கொல்லர் லாந்தோ தி பியெத்ரோ அடுத்த ஆண்டே இறந்தார். ஜொவான்னி தி அகோஸ்தீனோ பொறுப்பேற்றார். பிளேக் வந்து கொத்தர்களையும் பணத்தையும் வாரிக்கொண்டு போனது உண்மை. ஆனால் தீர்ப்பு வந்தது அதற்குப் பின்புதான்: 1356இல் பிளாரன்ஸிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் பென்ச்சி தி சியோனே புதிய நடுக்கூடத்தின் தூண்களைப் பார்த்துவிட்டு, இவை தேறாது என்றார். அடுத்த ஆண்டே ஆபத்தான பகுதிகளை இடிக்க உத்தரவானது.

என்ன கோளாறு? அகலமான வளைவுகளுக்கு அந்தத் தூண்கள் மெலிந்தவை. கல் வளைவும் விதானமும் கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலை ஏற்கப் பருமனான தூண் வேண்டும், அல்லது வெளியிலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது இரும்புச் சட்டம் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே செங்கல், வெளியே பளிங்கு உறை என்ற கட்டுமுறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே சாந்து நிறைய. அது காயக் காயச் சுருங்கும். பளிங்குக்கோ இணைப்பு மெல்லியது, அது சுருங்காது. பாரம் மெல்ல மெல்ல உறைமேல் ஏறி, உறை வெடிக்கும்.

போகும்போது முதலில் ஜாக்கோப்போ தெல்லா குவெர்ச்சா சதுக்கத்தில் நில்லுங்கள். கட்டி முடியாத நடுக்கூடத்தின் நடுவில்தான் நிற்கிறீர்கள். பளிங்கு உறை எங்கே நின்று வெறும் செங்கல் தொடங்குகிறது என்று தேடுங்கள். வேலை நின்ற நிலை அங்கே கண்ணுக்குத் தெரியும். பக்கக்கூடத்தின் வளைவுகளை அடைத்துத்தான் இன்றைய அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. அதன் வழியாகக் குறுகலான படிகளில் அந்தப் பெரிய சுவரின் உச்சிக்கு ஏறலாம். கூட்டம் சேரும் முன் காலையிலேயே போய்விடுங்கள். செப்டம்பர் நல்ல தேர்வு: ஆண்டின் பெரும்பகுதி மூடிவைக்கப்படும் பளிங்குத் தரைச் சித்திரங்கள் வழக்கமாக அப்போது திறந்திருக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், சீட்டு வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.