நாய்க்குக் காதில் சீழ்: மீன் எண்ணெய் மாத்திரை தடுக்குமா?

கேள்வி: மேலூர் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன், கொஞ்சம் ஆடுகளும் உண்டு. காவலுக்கு இருக்கும் லாப்ரடார் கலப்பு நாய்க்கு ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாகக் காதில் சீழ். தலையை உதறிக்கொண்டே இருக்கிறது, நாற்றம் வேறு. ஒவ்வொரு முறையும் கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவேன், சரியாகிவிடும். இப்போது வைட்டமின் டானிக்கும் மீன் எண்ணெய் மாத்திரையும் தந்து, இனி காதுத் தொல்லையே வராது என்றார்கள். இரண்டு மாதமாகக் கொடுத்தும் பலனில்லை. அளவைக் கூட்டலாமா ஐயா?

பதில்: கூட்டாதீர்கள். முதலில் அந்த டப்பாவைப் படியுங்கள். நம் ஊர் மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் மீன் ஈரல் எண்ணெயைத்தான் எடுத்துத் தருவார்கள். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் இருக்கும், உங்கள் டானிக்கிலும் இருக்கும். மிஞ்சினால் உடம்பிலேயே தங்கிக் கெடுதல் செய்யும். தோலுக்கு உதவுவது ஒமேகா-3 என்ற கொழுப்பு, அதாவது அதன் வகைகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டின் அளவும் டப்பாவில் அச்சிட்ட மீன் எண்ணெய். ஒவ்வாமையால் அரிக்கும் நாய்க்கு அது அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும். அது தெரியவே 6 முதல் 12 வாரம் ஆகும். அளவை நாயின் எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். காதுக்குள் இருக்கும் கிருமியை எந்தச் சத்து மாத்திரையும் கொல்லாது.

சரி, மூன்று முறையும் அந்தக் காதில் இருந்தது என்ன? யாராவது மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. காது அழுக்கைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்பது மருத்துவருக்குச் சில நிமிட வேலை. நிலக்கடலை வடிவில் தெரிந்தால் மலசீசியா என்ற பூஞ்சை. உருண்டையாகத் தெரியும் பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, குச்சி வடிவத்துக்குப் பெரும்பாலும் வேறு. சாயம் ஏற்றாமல் பார்த்தால் காதுப் பூச்சியும் சிக்கும். இதைப் பார்க்காமல் சொட்டு மருந்து விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மருந்தை நிறுத்துமுன் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். கடைச் சொட்டில் ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் பெரும்பாலும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சில நாளிலேயே அரிப்பை அடக்கும், நீங்களும் குணமாயிற்று என்று நிறுத்தியிருப்பீர்கள். என் கணிப்பில் உங்கள் நாய்க்கு மூன்று முறை சீழ் வரவில்லை. முதலில் வந்ததே இன்னும் போகவில்லை.

காதைப் பார்க்காமலே சொட்டு மருந்து விற்கும் கடைக்காரர் நாய்க்குக் கெடுதல்தான் செய்கிறார். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்ளே இறங்கிக் காதையே செவிடாக்கலாம். வேப்பெண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய் எதையும் காதில் ஊற்றாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. காது குணமான பிறகும் திரும்ப வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். கோழிக் கழிவும் சோறும்தான் தினமும் என்றால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு 8 வாரம் கோழி, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இதுவரை மீன் தின்றதில்லை என்றால் கண்மாய் ஜிலேபிக் கெண்டையை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கிக் கொடுக்கலாம். அந்த 8 வாரமும் டானிக் கூடாது; பல டானிக்குகள் கோழி ருசி சேர்த்தே வருகின்றன.

கால்வாயில் நீந்துகிற நாயா? நாயின் காதுக்குழாய் கீழிறங்கி உள்பக்கமாக வளைவது. போன தண்ணீர் அங்கேயே நிற்கும். கரையேறியதும் காது மடலைத் தூக்கி, துணியால் எட்டும் வரை மட்டும் ஒற்றி எடுங்கள். நீங்கள் பஞ்சுக்குச்சி விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும்.

தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ நடை தள்ளாடினாலோ அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது டானிக் பாட்டில், மாத்திரை டப்பா, மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.